பதினொரு பேருக்கு ஓர் அடுப்பு

பிப்ரவரி 4

அன்புள்ள வாலு,

போனில் பேசினால் நான் கத்திவிடுவேன். நீ "சரி அண்ணி, சரி அண்ணி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பதிலும் எழுத்தில்தான் வேண்டும்.

நேற்று நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்துக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். ஜூன் மாதத்திலிருந்து நம் தெருக் குழந்தைகளுக்கும் கட்டணமாம். இத்தனை வருஷமும் இலவசமாக இருந்ததற்குக் காரணம், நம் தெரு ஏழைத் தெரு என்று பதிவாகியிருந்தது. இப்போது அப்படி இல்லையாம். தெரு முன்னேறிவிட்டதாம். ஆதாரம் என்று, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிற வருமானக் கணக்கெடுப்பு அறிக்கையிலிருந்து ஒரு வரியைத் தாளின் அடியில் போட்டிருந்தார்கள்: "குறைந்த வருமானக் குடும்பங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துள்ளது."

அது உன் அலுவலகத்து அறிக்கை. நூலகத்தில் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தயாரித்தவர்களில் மூன்றாவது பெயர் உன்னுடையது. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன்.

வாலு, நான் தினமும் இரண்டு தடவை இந்தத் தெருவை நடந்து கடக்கிறேன். யாருக்கு வசதி வந்தது என்று கொஞ்சம் சொல்லேன். தையல்காரம்மா வாசலில் அதே மிஷின். பேக்கரிக்காரர் வேலைக்கு வைத்திருந்த இரண்டு ஆட்களையும் நிறுத்திவிட்டுத் தானே மாவு பிசைகிறார். மூலையில் கட்டிய அபார்ட்மென்ட்டில் மட்டும்தான் கார் நிற்கிறது. அந்த நாலு பணக்காரர்களையும் எங்களையும் ஒன்றாகக் கூட்டி வகுத்து "எல்லோரும் சராசரியாக வசதி" என்று எழுதிவிட்டீர்களா?

கட்டணம் வந்தால் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடும். பிள்ளை நின்றால் தாய் வேலையை விட வேண்டும். இதுதான் உன் முன்னேற்றம்.

வீட்டில் எல்லோரும் சுகம். உன் அண்ணன் கேட்டதாகச் சொன்னார்.

அன்புடன், கோபத்துடன்,
அண்ணி

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணி,

கடிதம் வந்தது. அலுவலகத்தில் பிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் "என்ன மேடம், காதல் கடிதமா?" என்று கேட்டார். "அதைவிடச் சூடு" என்றேன்.

அபார்ட்மென்ட்டைத் திட்டாதீர்கள். அதன் வாசல் பக்கத்துத் தெருவைப் பார்த்து இருக்கிறது. அதனால் அது நம் தெருக் கணக்கிலேயே வரவில்லை. அதோடு நாங்கள் கூட்டி வகுப்பதும் இல்லை. தெருவில் உள்ள குடும்பங்களை எல்லாம் வருமானப்படி ஒரு வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் எந்தக் குடும்பம் நிற்கிறதோ, அதைத்தான் பார்க்கிறோம். கடைசியில் நிற்பவர் கோடீஸ்வரரானாலும் நடுவில் நிற்பவர் மாற மாட்டார். அந்த நடுக் குடும்பத்தின் வருமானம், விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பிறகும், ஐந்து வருஷத்தில் கால் பங்கு கூடியிருக்கிறது. வரிசையின் கீழ்ப்பகுதியில் இருந்த ஐம்பத்திரண்டு குடும்பங்கள் இருபத்தைந்தாகிவிட்டன.

அந்த வரியை எழுதியது நான்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்? இருபது வருஷமாக நான்கு கணக்கெடுப்புகளில் அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்த தெருவைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதக் கிடைத்த நாளில் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டேன். அது தப்பு என்று நீங்கள் சொல்வது எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காப்பகம் பற்றி வருத்தம்தான். ஆனால் எண் எண்தானே அண்ணி.

பெரியவள் மாப்பிள்ளையோடு புது வீட்டில் எப்படி இருக்கிறாள்? பொடிசுகளின் படங்களை அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள்,
வாலு

பிப்ரவரி 20

வாலு,

எண் எண்தானா? நல்லது. உனக்கு ஒன்பது வயதில் தலை பின்னிவிட்டபோது, ஒரு நாள் ஒரு பின்னல் நீளம் ஒரு பின்னல் குட்டை என்று ஸ்கேல் வைத்து அளந்து அழுதாய். அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய கணக்கெடுப்பாளர் வந்த நாளைச் சொல்கிறேன், கேள். நல்ல மனிதர். வெயிலில் வந்து சேர்ந்தார். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். முதல் கேள்வியே "இந்த வாசலுக்குள்ள எத்தனை அடுப்பு?" என்றுதான்.

"ஒண்ணுதான் சார்" என்றேன். "இந்தத் தெருவுல எந்த வீட்டுலயும் ஒண்ணுதான். நாங்க எல்லாம் ஒண்ணா இருக்கறவங்க."

அவருக்கு ரொம்பச் சந்தோஷம். "இந்தக் காலத்துல இப்படி ஒரு தெருவா! எனக்கும் வேலை சுலபம்" என்றார். அவர் வருவதற்கு முதல் நாளே நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தேன். கேஸ் விலை ஏறினதால் சேர்ந்து சமைக்கிறோம், வாடகை கொடுக்க முடியாமல் சேர்ந்து இருக்கிறோம் என்றெல்லாம் வெளியாளிடம் புலம்ப வேண்டாம், கௌரவமாக "நாங்க ஒரே குடும்பம்" என்று சொல்லுங்கள் என்று. தையல்காரம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். "மூணு குடும்பமா? யாரு சொன்னது? என் கையால சாப்பிடறவங்க எல்லாம் என் குடும்பந்தான், எழுதிக்கோங்க" என்று அவரை ஒரு பிடி பிடித்துவிட்டாள்.

இவ்வளவு மரியாதையாக நடத்தி அனுப்பினதற்குத்தான் இந்தப் பரிசு. அடுத்த தடவை வரட்டும். சம்பளத்தில் பாதியை மட்டும் சொல்லச் சொல்கிறேன். உன் வரிசையில் எல்லோரும் கீழே வந்து நிற்போம்.

அண்ணி

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணி,

தயவு செய்து யாரையும் பொய் சொல்லச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னது தெரிந்தால் தெருவையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு காப்பகத்துக்காக யாரும் வாயே திறக்க முடியாது.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். பின்னல் விஷயத்துக்காக இல்லை. எனக்கு ஒரே ஒரு விவரம் வேண்டும். தையல்காரம்மாவின் அடுப்பில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்? பேக்கரிக்காரர் வீட்டில்? ஐந்து வருஷத்துக்கு முன்னால் எத்தனை பேர்?

நம் வீட்டில் எத்தனை பேர் என்றும் சொல்லுங்கள். தனித்தனி வீட்டுத் தாள்களை நான் பார்க்கக் கூடாது என்பது விதி. பார்க்கவும் இல்லை. நான் அறிந்தவரை நீங்கள், அண்ணன், சின்னவன், அவன் மனைவி. நான்குதானே?

வாலு

மார்ச் 9

அன்புள்ள வாலு,

தாமதமாக எழுதுவதற்கு வேலை காரணமில்லை.

தையல்காரம்மா வீட்டில் ஒன்பது பேர். முன்பு மூன்று பேர்தான். பின்கட்டில் இருந்த அவள் தங்கை குடும்பமும், எதிரே வாடகைக்கு இருந்த மகன் குடும்பமும் வாடகையை மிச்சம் பிடிக்க அவளிடமே வந்துவிட்டார்கள். பேக்கரிக்காரர் வீட்டில் ஏழு. முன்பு நாலு.

நம் வீட்டில் பதினொன்று.

எண்ணிக்கொள். நீ சொன்ன நாலு. போன வருஷத்திலிருந்து பெரியவள், மாப்பிள்ளை, பொடிசுகள் இரண்டு. வாடகையை ஏற்றிவிட்டார்கள், அவர்களால் கொடுக்க முடியவில்லை. மாடியில் குடியிருக்கிற நர்ஸும், அவள் அம்மாவும், அவள் பையனும் கேஸைப் பங்கு போட்டுக்கொண்டு நம்மோடுதான் சாப்பிடுகிறார்கள். படங்கள் கேட்டாயே, பொடிசுகள் தூங்குவது உன் அறையில். உன் புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. டிப்போவில் பாதி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். உன் அண்ணனுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மீதி நாளில் பதினொரு பேருக்கும் சமைப்பது அவர்தான். முதல் வாரம் எல்லோரும் உப்பைக் கழுவிச் சாப்பிட்டோம். இப்போது பரவாயில்லை. இஞ்சின் பிரிக்கிற மாதிரியே காய் நறுக்குகிறார், எல்லாத் துண்டும் ஒரே அளவு.

உனக்குச் சொல்லிவிடலாம் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். "சொல்லாத. சொன்னா மறுநாளே பணம் அனுப்புவா. அவ தனியா இருக்கறவ, அவளுக்கு யாரு இருக்கா? நாமளாவது இங்க பதினொரு பேர் இருக்கோம்" என்பார்.

பெரியவள் மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போவது இளையது காப்பகத்தில் இருப்பதால்தான். கட்டணம் வந்தால் அவள் சம்பளத்தில் பாதி அதற்கே போகும். வேலையை விட்டுவிடுகிறேன் என்று இப்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். நான் உன்மேல் எரிந்து விழுந்தது இதனால்தான். தெருவுக்காக என்று எழுதினேன், பாதி என் வீட்டுக்காக.

அண்ணி

மார்ச் 18

என் அண்ணிக்கு,

முதலில் என் கோபத்தை எழுதிவிடுகிறேன். ஒரு வருஷம்! ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் "எல்லாரும் சுகம், சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு, பின்னால் சத்தம் போட்ட பொடிசுகளை டிவி என்று சொல்லியிருக்கிறீர்கள். அண்ணனிடம் சொல்லுங்கள், நான் அவரோடு பேச மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

இப்போது கணக்கு. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் விதிப்படி, ஓர் அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். பெரியவளும் மாப்பிள்ளையும் தனியாக இருந்தபோது வரிசையின் கீழ்ப்பகுதியில் ஒரு குடும்பமாக நின்றார்கள். நம் வீடு நடுவில் நின்றது. அவர்கள் நம் அடுப்புக்கு வந்ததும் கீழே இருந்த குடும்பம் மறைந்துவிட்டது. அவர்கள் சம்பளமும் நம் வீட்டுக் கணக்கில் ஏறியது. நர்ஸின் சம்பளமும் ஏறியது. ஒருவர்கூட ஒரு காசு அதிகம் சம்பாதிக்கவில்லை. அண்ணனுக்கு வேலையே பாதி போய்விட்டது. ஆனாலும் தாளில் நம் குடும்பம் பணக்காரக் குடும்பம்.

தெருவில் தொண்ணூற்றாறு குடும்பங்கள் இருந்தன, எழுபத்தொன்றாகிவிட்டன. மற்றவர்கள் ஊரை விட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தோம். ஆட்களைக் கூட்டிப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நேற்று கூட்டினேன். யாரும் போகவில்லை. முன்பு நானூற்றிரண்டு பேர், இப்போது நானூற்றுப் பத்துப் பேர். கீழே இருந்த குடும்பங்கள் மேலே ஏறவில்லை அண்ணி. பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டன.

நான்கு கணக்கெடுப்புகளின் வருமானத்தையும் தலைக்கு இவ்வளவு என்று திரும்பப் போட்டேன். முதல் இரண்டு தடவை ஏறியிருக்கிறது. இந்தத் தடவை பத்தில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது. இருபது வருஷத்தில் இறங்கியது இதுவே முதல் தடவை. அதைத்தான் முன்னேற்றம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இயக்குநரிடம் போனேன். "விதி விதிதான். அவங்க விருப்பப்பட்டுச் சேர்ந்து இருக்கலாம் இல்லையா? கூட்டுக் குடும்பம்னா வறுமைன்னு எப்படிச் சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் என்னிடம் இல்லை, உங்கள் தெருவிடம்தான் இருக்கிறது. ஏப்ரல் 15க்குள் தெருக்காரர்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று விதியில் இருக்கிறது. ஏன் சேர்ந்து சமைக்கிறோம் என்று ஒவ்வொரு வீடும் தன் கையெழுத்தில் சொல்ல வேண்டும். என் தரப்பில், என் வரி தவறான பொருள் தருகிறது என்று என் பெயரிலேயே குறிப்பு எழுதித் தருகிறேன். அச்சான அறிக்கைக்கு எதிராக உள்ளே இருப்பவரே எழுதுவது இங்கே யாருக்கும் பிடிக்காது. பரவாயில்லை.

உங்கள் வேலைதான் இதைவிடக் கஷ்டம். கௌரவமாகச் சொல்லுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்ன நீங்களே, இப்போது அதற்கு நேர்மாறாகச் சொல்லச் சொல்ல வேண்டும்.

வாலு

ஏப்ரல் 11

அன்புள்ள வாலு,

கூட்டம் முடிந்தது. பிள்ளைகள் போன பிறகு காப்பகத்தில் வைத்துக்கொண்டோம். பெரிய நாற்காலி அங்கே ஏது? எல்லோரும் முட்டி மோவாயில் இடிக்கக் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பேக்கரிக்காரர் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. அதற்குச் சிரித்ததோடு சரி. நான் விஷயத்தைச் சொன்னதும் ஒருவரும் சிரிக்கவில்லை.

தையல்காரம்மா முதலில் எழுந்தாள். "என் தங்கச்சி என்கூடச் சாப்பிடறது பாசத்துல. காசு இல்லாமத்தான் வந்து ஒட்டிக்கிட்டான்னு என் கையால எழுதச் சொல்றியா? அதை அவ படிச்சா என்ன ஆவா?"

தங்கை பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொல்லிக் கொடுத்த பாடத்தைத்தான் அவள் எனக்கே திருப்பி ஒப்பித்தாள்.

உன் அண்ணன் கூட்டங்களில் பேசுகிற ஆளில்லை, தெரியுமே. கதவோரம் நின்றிருந்தார். அங்கிருந்தே சொன்னார்: "ரெண்டும்தான் அக்கா. பாசமும்தான், காசும்தான். எனக்கு வாரத்துல மூணு நாள்தான் வேலை. எட்டு மாசமா வீட்டுக்கு வெளியில யார்கிட்டயும் சொல்லலை. காலையில யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு வெளியில ஒரு சுத்து சுத்திட்டு வந்து சமைப்பேன். என் பொண்ணு என் வீட்டுக்கு வந்ததுல எனக்குச் சந்தோஷம். வர வேண்டியதாப் போச்சேன்னு வருத்தம். ரெண்டையும் எழுதறேன். இதுல என்ன பொய் இருக்கு?"

யூனிஃபார்ம் விஷயம் எனக்கே அன்றுதான் தெரியும், வாலு. நான் காலையில் காப்பகத்துக்குக் கிளம்பிவிடுகிறேன் அல்லவா.

பிறகு பின்வரிசையிலிருந்து தங்கை எழுந்து வந்தாள். "அக்கா, பேனா குடு. நானே எழுதறேன். உன் கையெழுத்தை எவன் படிப்பான்?" என்றாள். தையல்காரம்மா அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள். அதற்குப் பிறகு வரிசை கட்டிவிட்டது. ஐம்பத்தெட்டு வீடுகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. மீதிப் பேர் போடவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

நாளைக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அண்ணி

மே 23

அன்புள்ள அண்ணி,

இந்தச் செய்தியை நகராட்சித் தாள் வருவதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும் என்று ஆசை. காப்பகம் இலவசமாகவே தொடரும். அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

என் வரியை நீக்கவில்லை. அச்சானது அச்சானதுதான். அதன் அடியில் ஒரு குறிப்பு சேர்ந்திருக்கிறது, என் வரியைவிட மூன்று மடங்கு நீளம். இயக்குநர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு கூப்பிட்டு, "தெருக்காரங்க எழுதினதைப் படிச்சேன். அந்த யூனிஃபார்ம் போட்ட மெக்கானிக் யாரு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கணக்கெடுப்பில் ரகசியம் முக்கியம் அல்லவா?

அடுத்த சுற்றுக்கான கையேட்டை எழுதும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார். பரிசா தண்டனையா என்று புரியவில்லை. "குடும்பம் என்பது" என்று தொடங்கி ஒரே வரியில் விளக்கம் எழுத வேண்டும். மூன்று நாளாக அந்த இரண்டு சொற்களோடு உட்கார்ந்திருக்கிறேன். வாசல், அடுப்பு, ரத்த உறவு, எதை வைத்து எழுதினாலும் யாரோ வெளியே நிற்கிறார்கள்.

அண்ணனிடம் நான் பேசிவிட்டேன். அவர் அழவில்லை என்று சொல்லச் சொன்னார்.

வாலு

செப்டம்பர் 2

அன்புள்ள வாலு,

பெரியவள் தனியாகப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. கம்பெனியில் அவளை நிரந்தரமாக்கிவிட்டார்கள், காப்பகச் செலவும் இல்லை. இருவரும் சேர்ந்து பேக்கரி மாடியில் இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். நம் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர்கள் சமையலறை தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே முதல் தடவையாக அடுப்பு பற்ற வைத்தாள். பற்ற வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்து, ஏதோ மெடல் வாங்கின மாதிரி தீப்பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். அவளை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று!

அப்போது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. உன் பழைய கணக்குப்படி இன்று நம் வீட்டு வருமானம் இறங்கிவிட்டது. தெருவின் கீழ்வரிசையில் ஒரு குடும்பம் கூடிவிட்டது. இனி இப்படி ஒவ்வொரு அடுப்பாகப் பற்ற வைக்கப் பற்ற வைக்க, தெரு ஏழையாகிக்கொண்டே போகிறது என்று யாராவது எழுதுவார்கள். விடாதே.

வீட்டில் எண்ணிக்கை ஏழானது உன் அண்ணன் கைக்கு இன்னும் தெரியவில்லை. தினமும் பதினொரு பேருக்கே சமைக்கிறார். மிச்சத்தை ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி, ரோட்டைக் கடந்து பேக்கரி மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார். நேற்று பெரியவள் ஜன்னலிலிருந்து கத்தினாள், தெரு முழுக்கக் கேட்க:

"அப்பா, போதும்பா! நாங்க இப்ப தனிக்குடும்பம்!"

இவர் ரோட்டின் நடுவில் நின்று, அவள் திருப்பிக் கொடுத்திருந்த முந்தின நாள் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினார்.

"தனிக்குடும்பம்னா பாத்திரத்தைக் கழுவிக் குடுக்கணும்டி. கழுவாமத் திருப்பி அனுப்பற வரைக்கும் ஒரே குடும்பம்தான்!"

உன் கையேட்டுக்கு இது ஆகுமா, பார்.

உன் அண்ணி